பழைய லொறிக்குப் புதிய நரம்புகள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பெரும்போக அறுவடைக் காலத்தில், அறுபது மூடை நெல்லை ஏற்றிக்கொண்டு ஒரு பழைய பெட்போட் லொறி இரவு ஏழரை மணியளவில் எமது பங்குக் கிராமத்திலிருந்து புறப்பட்டது. அது மீளக் குடியேறிய பதினொரு குடும்பங்களின் நெல். வழமையாக வயலுக்கே வந்து தமது விலைக்கு வாங்கிச்செல்லும் வியாபாரிகளை விட்டு, முதன்முறையாகத் தாமே ஆலைக்குக் கொண்டுசென்று விற்பதற்கு அக்குடும்பங்கள் முடிவு செய்திருந்தன. மூன்று கிலோமீற்றர்கூடச் செல்லவில்லை. முன் லைற்றுகள் மங்கின, பின்னர் அணைந்தன. சாரதியின் காலடியிலிருந்து றபர் எரியும் மணமும் புகையும் எழுந்தன.

சாரதி உடனே இயந்திரத்தை நிறுத்தினார். ஆனால் வயர் எரிவது நிற்கவில்லை. பற்றறியைக் கழற்றுவதற்குச் சாவி தேடினார்கள். கிடைத்த சாவிக்குத் துருப்பிடித்த நட்டு அசையவில்லை. கடைசியில் மூடைகளின் மேல் இருந்து வந்த இளைஞன் ஒருவன் காட்டுக்கத்தியால் பற்றறி வயரையே வெட்டினான். வீதியோர மணலை அள்ளிப் போட்டு நெருப்பை அணைத்தார்கள். நெல் தப்பியது. லொறியின் வயரிங் பாதிக்குமேல் கருகிவிட்டது.

முதல் வாரம் அந்த முன் லைற்றுகளுக்குப் புதிய வயர் ஒட்டிக் கொடுத்தவர்கள் வேறு யாருமல்ல, நாமேதான். பழைய வயரின் நடுவில் வெட்டி, புதிய வயரை முறுக்கி, ரேப் சுற்றி, "இப்போதைக்கு ஓடும்" என்று அனுப்பிவைத்தோம். அந்த முறுக்கு, அதிர்வில் தளர்ந்து, சட்டகத்தின் இரும்பில் உரசியிருக்கிறது. அதன்பின் அந்த லொறியின் வயரிங் முழுவதையும் கழற்றி, ஓலைக் கொட்டில் ஒன்றின் கீழ், வயதான மெக்கானிக் ஒருவரின் வழிகாட்டலில், புதிதாக அமைத்தோம். அதில் நாம் கற்றவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

"இப்போதைக்கு ஓடும்"

1990 முதல் வடக்கின் பல பகுதிகளில் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் கிடைக்கவில்லை. அன்று எமது மெக்கானிக்மார் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். சில துளி பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தத் திறமையை நாம் என்றும் மதிக்கவேண்டும். ஆனால் அக்காலம் எமக்குச் சில தீய பழக்கங்களையும் விட்டுச் சென்றது. பியூஸ் போனால் செப்புக் கம்பியைச் சுற்றுவது அவற்றுள் ஒன்று. வயர் போனால் வீட்டு வயரை ஒட்டுவது இன்னொன்று. நாளை எங்கே இருப்போம் என்று தெரியாத நிலையில் இன்றைக்கு ஓடினால் போதும் என்று நினைத்தது தவறல்ல. ஓரிடத்தில் வேரூன்ற முயலும் இன்றைய நிலையிலும் அதே எண்ணத்தோடு வேலை செய்வதுதான் தவறு.

பழைய லொறியைத் திருத்துவது இலாபமா என்று சிலர் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய லொறியின் விலை ஒரு விவசாயக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது. பெட்போட் போன்ற பழைய லொறிகள் பலமான இரும்பினால், எளிய முறையில் செய்யப்பட்டவை. 1931இல் ஆரம்பித்த அந்தப் பெயரில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் இங்கிலாந்தில் லொறி செய்வதை 1986இல் நிறுத்திக்கொண்டது. ஆயினும் அவற்றில் கணினி எதுவும் இல்லை. பொறுமையுள்ள ஒருவர் அவற்றின் மின்சுற்று முழுவதையும் ஒரு தாளில் வரைந்துவிடலாம். இதனாலேயே அவற்றை வீட்டுப் பட்டறையில் திருத்த முடிகிறது.

வேலைக்கு முன்னர் மூன்று கேள்விகள்

முதலாவது, வாகனம் யாருடையது? சேசி இலக்கமும் இயந்திர இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் ஒரு சதமும் செலவழிக்கமுன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். இடம்பெயர்வின்போது கைவிடப்பட்டுப் பற்றைக்குள் கிடக்கும் வாகனம் இன்னொரு குடும்பத்தின் சொத்தாக இருக்கலாம்.

இரண்டாவது, அது எங்கே நின்றது? யுத்தம் நடந்த நிலத்தில் நின்ற வாகனத்திற்குள்ளும் அதன் அடியிலும் வெடிக்காத பொருட்கள் இருக்கலாம். அவ்வாறான வாகனத்தை இழுக்கவோ, கதவைத் திறக்கவோ, அதிலிருந்து இரும்பு கழற்றவோ வேண்டாம். கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவித்து, கண்ணிவெடி அகற்றும் அணியினர் பார்த்து அனுமதித்த பின்னரே அருகே செல்லுங்கள். பழைய இரும்பு பொறுக்கச் செல்லும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

மூன்றாவது, உடம்பு நல்லதா? சேசிச் சட்டகத்தைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உக்கிய இரும்பு மந்தமாக ஒலித்துச் செதில் செதிலாக உதிரும். சட்டகம் உக்கியிருந்தால் வயரிங் செய்து பயனில்லை. பிறேக், ஸ்ரியறிங், ரயர் ஆகிய மூன்றும் லைற்றுகளுக்கு முன்னர் பார்க்கப்பட வேண்டியவை. பழைய பிறேக் லைனிங்குகளிலும் கிளச் தட்டுகளிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் புதையுங்கள். லொறியின் கீழே படுப்பதானால் ஜக்கை மட்டும் நம்பாமல் பாலை மரக்குற்றிகளையும் அடைவைத்து, சில்லுகளுக்குக் கட்டை போடுங்கள்.

குளமும் வாய்க்காலும்

மின்சாரத்தைக் கண்டு பயப்படும் விவசாயிக்கும் நீர்ப்பாசனம் தெரியும். பற்றறி ஒரு குளம். குளத்து நீரின் உயரம்தான் வோல்ற். வாய்க்காலில் ஓடும் நீரின் அளவுதான் அம்பியர். சுவிற்ச் என்பது துருசு. வயர்தான் வாய்க்கால், அகலம் குறைந்த வாய்க்காலில் கூடுதலான நீரை விட்டால் கட்டு உடைவதுபோல, மெல்லிய வயரில் கூடிய அம்பியர் ஓடினால் அது சூடாகி எரிகிறது. மின்குமிழ்களும் மோட்டர்களும் நீர் பாயும் வயல்கள். விளக்கு எடுக்கும் வாற்ஸை வோல்ற்றால் பிரித்தால் அம்பியர் வரும். 60 வாற்ஸ் கொண்ட இரண்டு முன் விளக்குகள் 120 வாற்ஸ். அதை 12ஆல் பிரித்தால் 10 அம்பியர்.

ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள். வயலுக்குப் பாய்ந்த நீர் கழிவாய்க்காலால் போய்விடும். மின்சாரமோ புறப்பட்ட பற்றறிக்கே திரும்பி வரவேண்டும். லொறியில் அது திரும்பிவரும் வழி இரும்புச் சட்டகமே. இதைத்தான் எர்த் என்கிறோம். போகும் வழி எவ்வளவு நன்றாக இருந்தாலும், திரும்பும் வழியில் துருவும் பெயின்ற்றும் இருந்தால் விளக்கு எரியாது. எமக்கு வழிகாட்டிய மெக்கானிக் ஐயா ஒவ்வொரு நாளும் சொன்ன வார்த்தை இது: "சுவாமி, லைற் எரியேல்லை எண்டால் முதல் வயரைப் பாக்காதேங்கோ. எர்த்தைப் பாருங்கோ."

ஏன் முழுவதையும் மாற்றவேண்டும்?

பழைய ஆடையில் புதுத் துணியை ஒட்டுப்போட்டால் கிழிசல் பெரிதாகும் என்ற நற்செய்தி உவமை வயரிங்குக்கும் பொருந்தும். ஐம்பது அறுபது ஆண்டு பழைய வயரின் உறை வெயிலிலும் இயந்திரச் சூட்டிலும் வெடித்திருக்கும். எலி கடித்திருக்கும். உள்ளே செம்பு பச்சையாகவும் கறுப்பாகவும் களிம்பேறி இருக்கும். கடற்கரையிலும் களப்போரத்திலும் உப்புக் காற்று இதனை விரைவுபடுத்தும். நல்ல பகுதி எது, கெட்ட பகுதி எது என்று வெளியில் தெரியாது. ஓரிடத்தைத் திருத்தினால் சுமை அடுத்த பலவீனமான இடத்தில் விழும். எமது லொறியில் நடந்ததும் இதுவே.

இன்னொரு உண்மையையும் எரிந்த பின்னரே அறிந்தோம். அக்காலத்துப் பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் முன் விளக்குச் சுற்றுக்குப் பியூஸே கிடையாது. ஓடும்போது திடீரென்று இரு விளக்குகளும் அணையக்கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். புதிய வயருக்கு அது ஓரளவு பொருந்தலாம். அறுபது ஆண்டு பழைய வயருக்குப் பொருந்தாது.

தேவையானவை

பெரிய பட்டறை தேவையில்லை. மழை படாத கொட்டில், நான்கு மீற்றர் நீளமான பலகை, நல்ல குறடு, வயர் உறை உரிக்கும் கருவி, முனை அழுத்தும் கிரிம்பிங் குறடு, ஸ்பனர்கள், உப்புத்தாள், இரும்புத் தூரிகை, மின்சாரம் அளக்கும் மல்ரிமீற்றர் ஆகியன போதும். மல்ரிமீற்றர் இல்லாவிட்டால் 21 வாற்ஸ் பிறேக் மின்குமிழ் ஒன்றைத் தாங்கியில் பொருத்தி, இரண்டு நீள வயர்களை இணையுங்கள். இந்தச் சோதனை விளக்கு பாதி வேலையைச் செய்துவிடும். ஒரு கொப்பியும் பென்சிலும் இவற்றுக்குச் சமமான முக்கியத்துவம் உடையவை.

வயர் வாங்கும்போது வாகனத்திற்கென்று செய்யப்பட்ட, பல மெல்லிய இழைகள் கொண்ட செப்பு வயரையே கேளுங்கள். வீட்டுச் சுவரினுள் போடும் ஒற்றைக் கம்பி வயர் லொறியின் அதிர்வில் முறிந்துவிடும். கடையில் 14/0.30 என்று சொன்னால் 0.30 மில்லிமீற்றர் தடிப்பில் 14 இழைகள் என்று பொருள். சாதாரண பிவிசி உறையுள்ள வாகன வயர்களின் அளவுகள் வருமாறு:

14/0.30 – 1 சதுர மில்லிமீற்றர் – 8.75 அம்பியர் வரை: பக்க விளக்கு, பின் விளக்கு, சிக்னல், பிறேக் லைற்.
28/0.30 – 2 சதுர மில்லிமீற்றர் – 17.5 அம்பியர் வரை: முன் விளக்கு, ஹோண், வைப்பர்.
44/0.30 – 3 சதுர மில்லிமீற்றர் – 27.5 அம்பியர் வரை: பியூஸ் பெட்டிக்கு வரும் வழி, சிறிய டைனமோவின் பிரதான வயர்.
84/0.30 – 6 சதுர மில்லிமீற்றர் – 42 அம்பியர் வரை: பெரிய டைனமோ, நடுத்தர ஓல்ரநேற்றர்.

ஸ்ராட்டர் மோட்டருக்குச் செல்லும் வயர் தனியானது. டீசல் இயந்திரத்தைச் சுழற்ற நூற்றுக்கணக்கான அம்பியர் தேவைப்படும். அதற்குப் பழையதைவிட மெல்லிய வயரை ஒருபோதும் போடவேண்டாம்.

எரியாவிட்டாலும், மெல்லிய வயர் வெளிச்சத்தைத் திருடும். பற்றறியிலிருந்து சுவிற்ச் வழியாக முன் விளக்குவரை 6 மீற்றர் வயர் என்று வையுங்கள். 10 அம்பியர் ஓடும்போது 1 சதுர மில்லிமீற்றர் வயரில் ஏறக்குறைய 1 வோல்ற் வழியிலேயே தொலைகிறது. 2 சதுர மில்லிமீற்றரில் அரை வோல்ற். 3 சதுர மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு வோல்ற்தான். வோல்ற் பத்திலொரு பங்கு குறைந்தால் சாதாரண மின்குமிழின் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும். இரவில் மாடுகளும் சைக்கிள்களும் செல்லும் எமது வீதிகளில் இது உயிர் தொடர்பான விடயமாகும்.

படிப்படியாக வேலை

1. பற்றறியைக் கழற்றுதல். எந்த முனை சட்டகத்தோடு இணைந்திருக்கிறது என்று முதலில் கொப்பியில் எழுதுங்கள். 1960களின் நடுப்பகுதிவரை செய்யப்பட்ட பல பிரித்தானிய வாகனங்களில் பொசிற்றிவ் முனையே எர்த்தாக இருந்தது. இன்றைய வாகனங்களில் நெகற்றிவ். இதைக் கவனியாமல் பற்றறி மாற்றினால் ஓல்ரநேற்றர், வானொலி முதலியன ஒரு நொடியில் பழுதாகும். கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றுங்கள்; பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். அப்போது ஸ்பனர் சட்டகத்தில் பட்டாலும் பொறி பறக்காது. 12 வோல்றா 24 வோல்றா என்பதையும் பாருங்கள். சில டீசல் லொறிகள் 24 வோல்றில் இயங்குபவை. மேலே தந்த கணக்குகள் 12 வோல்றுக்கானவை.

2. வரைதலும் அடையாளமிடுதலும். ஒவ்வொரு வயரும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரையுங்கள். இரு முனைகளிலும் பிளாஸ்ரர் துண்டில் இலக்கம் எழுதி ஒட்டுங்கள். ஒரு நாளைக்கு மேல் எடுத்தாலும் இதில் அவசரம் வேண்டாம். எமது குழுவில் பாடசாலை செல்லும் சிறுமி ஒருத்திதான் இந்தப் படத்தை மிக நேர்த்தியாக வரைந்தாள்.

3. கட்டைக் கழற்றிப் பலகையில் விரித்தல். பழைய வயர்களைத் துண்டு துண்டாக வெட்டாதீர்கள். முழுக் கட்டையும் கழற்றிப் பலகையில் விரித்து, திரும்பும் இடங்களில் ஆணி அடியுங்கள். அந்த ஆணிகளின் வழியே புதிய வயர்களை இழுத்தால் அளவு தவறாது. ஒவ்வொன்றிலும் ஒரு சாண் நீளம் கூடுதலாக விடுங்கள்.

4. நிறங்கள். முடிந்தவரை பழைய பிரித்தானிய ஒழுங்கைப் பின்பற்றுங்கள். நாளை வேறொரு மெக்கானிக்கும் அதைப் புரிந்துகொள்வார். கபிலம்: பற்றறியிலிருந்து நேரே வருவது. வெள்ளை: சாவி போட்டதும் வருவது. பச்சை: சாவிக்குப் பின் பியூஸ் வழியாக வருவது. ஊதா: சாவி இல்லாமல் பியூஸ் வழியாக வருவது. நீலம்: முன் விளக்கு. சிவப்பு: பக்க, பின் விளக்குகள். கறுப்பு: எர்த். பச்சையில் சிவப்புக் கோடு இடது சிக்னல். பச்சையில் வெள்ளைக் கோடு வலது சிக்னல். பச்சையில் ஊதாக் கோடு பிறேக் லைற். எல்லா நிறமும் கிடைக்காவிட்டால், கிடைத்த நிறத்தில் போட்டு முனையில் இலக்கம் ஒட்டிப் படத்திலும் எழுதுங்கள்.

5. பியூஸ். பியூஸ் காப்பாற்றுவது மின்குமிழை அல்ல, வயரை. எனவே வயர் தாங்கும் அம்பியருக்குக் குறைவான பியூஸே போடவேண்டும். பழைய கண்ணாடிப் பியூஸில் 35 என்று எழுதியிருக்கும். அது உருகும் அளவு. அதில் தொடர்ந்து ஓடக்கூடியது அதன் பாதியான 17.5 அம்பியர்தான். இன்றைய தட்டைப் பியூஸில் எழுதப்படுவதோ தொடர்ந்து தாங்கும் அளவு. எனவே 35க்குப் பதிலாக இன்றைய 35ஐப் போட்டால் பாதுகாப்பு பாதியாகிவிடும். 15 போதும். நாம் இடது முன் விளக்கு, வலது முன் விளக்கு, இடது பின் விளக்கு, வலது பின் விளக்கு, சிக்னல், பிறேக், ஹோண், வைப்பர் என எட்டுப் பியூஸ்கள் வைத்தோம். ஒன்று போனாலும் லொறி முழு இருளில் நிற்காது. பெட்டி மூடியில் நான்கு மாற்றுப் பியூஸ்களையும் ஒட்டிவைத்தோம். இனிச் செப்புக் கம்பி சுற்ற யாருக்கும் சாட்டு இல்லை.

6. றிலே. முன் விளக்கின் 10 அம்பியரும் அறுபது வயதான சுவிற்ச் வழியே ஓடினால் அது கருகும். நான்கு முனை றிலே ஒன்று இந்தச் சுமையைத் தாங்கும். 30 என்ற முனைக்குப் பற்றறி வழியும், 87க்கு விளக்குகளும், 85, 86 ஆகியவற்றில் ஒன்றுக்குச் சுவிற்ச் வயரும் மற்றதற்கு எர்த்தும் கொடுங்கள். இவ்விதம் சுவிற்சில் மிகச் சிறிய மின்னோட்டமே ஓடும். உயர் வெளிச்சத்துக்கு ஒன்று, தாழ் வெளிச்சத்துக்கு ஒன்று என இரண்டு றிலே வையுங்கள். பற்றறியிலிருந்து 30க்கு வரும் வழியில், பற்றறிக்கு அருகிலேயே ஒரு பியூஸ் இருக்கட்டும்.

7. இணைப்புகள். முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது. சரியான அளவு முனையைக் கிரிம்பிங் குறட்டால் அழுத்தி, இழுத்துப் பாருங்கள். கழன்றால் இப்போதே கழரட்டும். ஈயம் உருக்கி ஒட்டினால், ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து அதிர்வில் முறியும். அவ்விடத்தைச் சட்டகத்தோடு பிடித்துக் கட்டவேண்டும்.

8. எர்த். ஒவ்வொரு எர்த் இடத்திலும் பெயின்ற்றையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து இரும்பை மினுங்கச் செய்யுங்கள். பல்லுள்ள வளையம் வைத்து இறுக்கி, அதன் பின் கிறீஸ் பூசுங்கள். பின் விளக்குகளுக்கு, மரப்பெட்டியின் ஆணிகளை நம்பாமல், தனிக் கறுப்பு வயர் இழுங்கள். இயந்திரம் றபரின் மேல் உட்கார்ந்திருப்பதால், இயந்திரத்திற்கும் சட்டகத்திற்கும் இடையே தடித்த பின்னல் எர்த் கட்டாயம் தேவை. அது இல்லாவிட்டால் ஸ்ராட்டர் மின்சாரம் அக்சிலேற்றர் கேபிள் வழியாகத் திரும்பி, அக்கேபிளைச் சுட்டுவிடும்.

9. வழியும் பிடிப்பும். தகட்டைத் துளைத்துச் செல்லும் ஒவ்வொரு இடத்திலும் றபர் வளையம் போடுங்கள். சைலன்சர் குழாயிலிருந்து ஒரு முழமாவது விலகிச் செல்லவேண்டும். சாணுக்கு ஒரு பிடியாகச் சட்டகத்தில் பிடித்துவிடுங்கள். எரிபொருள் குழாயோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

10. பிரதான சுவிற்ச். பற்றறி எர்த்துக்கு அருகில், சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில், கையால் திருப்பி முழு மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிற்ச் ஒன்றைப் பொருத்துங்கள். அன்றிரவு எம்மிடம் இது இருந்திருந்தால் காட்டுக்கத்தி தேவைப்பட்டிராது. ஓல்ரநேற்றர் பூட்டிய லொறியில், இயந்திரம் ஓடும்போது, நெருப்பைத் தவிர வேறு காரணத்துக்காக இதைத் துண்டிக்கவேண்டாம்; ஓல்ரநேற்றர் பழுதாகும்.

டைனமோவா, ஓல்ரநேற்றரா?

அக்காலத்துச் சிறிய டைனமோக்கள் பல 20 அம்பியர் அளவே தருபவை. இயந்திரம் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. முன் விளக்கு 10, பின், பக்க விளக்குகள் 2, வைப்பர் 3, பிறேக் 3.5 என்று கூட்டினாலே 18.5 அம்பியர் ஆகிறது. மழை இரவில் பற்றறிக்கு மிஞ்சுவது சொற்பம். எனவே நல்ல பழைய ஓல்ரநேற்றர் கிடைத்தால் மாற்றுவது பயனுள்ளது. ஆனால் லொறி நெகற்றிவ் எர்த்தாக இருக்கவேண்டும். பிரதான வயரும் அதற்கேற்பத் தடிக்க வேண்டும். டைனமோவை வைத்துக்கொண்டு எர்த் முனையை மட்டும் மாற்றினால், டைனமோ வயர்களைக் கழற்றி, அதன் எப் முனையைப் பற்றறியின் எர்த் அல்லாத முனையிலிருந்து வரும் வயரால் ஒரு கணம் தொட்டு எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அது மறுமுனையில் மின்சாரம் உண்டாக்கும். சரியாக வேலை செய்யும் ஓல்ரநேற்றர், இயந்திரம் ஓடும்போது பற்றறியில் 13.8 முதல் 14.4 வோல்ற் வரை காட்டும். முழுமையாக ஏறிய பற்றறி, ஓய்வில், 12.6 வோல்ற் காட்டும்.

முதன்முறை மின்சாரம் கொடுத்தல்

எல்லாம் முடிந்ததும் பற்றறியை நேரே பூட்ட மனம் துடிக்கும். பொறுங்கள். எர்த் முனைக்கும் பற்றறிக்கும் இடையே முன்னர் சொன்ன 21 வாற்ஸ் சோதனை விளக்கை வையுங்கள். எல்லாச் சுவிற்சுகளும் மூடியிருக்கும்போது விளக்கு எரியக்கூடாது. பிரகாசமாக எரிந்தால் எங்கோ வயர் சட்டகத்தில் தொடுகிறது. அப்போதும் 2 அம்பியருக்குக் குறைவாகவே ஓடுவதால் எதுவும் எரியாது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது விளக்கு அணைகிறதோ அந்தச் சுற்றில் பிழை. எமக்கு முதல் நாள் விளக்கு முழுமையாக எரிந்தது. வலது பின் விளக்கின் பின்னால் ஒரு திருகாணி வயரைத் துளைத்திருந்தது. இச்சோதனை இன்றிப் பூட்டியிருந்தால் புதுப் பியூஸ் ஒன்றாவது போயிருக்கும்.

பிழைகளை அறிதல்

பிறேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கும் மங்கலாக எரிகிறதா? பின் விளக்கின் எர்த் பிழை. ஒரு பக்கச் சிக்னல் மட்டும் வேகமாகவோ நிலையாகவோ எரிகிறதா? அப்பக்க மின்குமிழ் ஒன்று போயிருக்கலாம், அல்லது எர்த் பிழை. எல்.ஈ.டி. மின்குமிழ் போட்டாலும் பழைய சிக்னல் பெட்டி இவ்வாறு செய்யும். ஸ்ராட்டர் "டக்" என்ற சத்தத்தோடு நிற்கிறதா? பற்றறி முனைகளைச் சுத்தம் செய்து, பின்னல் எர்த்தைப் பாருங்கள். விளக்கு எரியும்போது அதன் உடலுக்கும் பற்றறியின் எர்த் முனைக்கும் இடையே மீற்றரை வையுங்கள். 0.2 வோல்றுக்கு மேல் காட்டினால் திரும்பும் வழி நல்லதல்ல.

பற்றறியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வெடிக்கக்கூடிய வாயு வெளிவரும். அருகே பீடி, சுருட்டு, நெருப்பு வேண்டாம். நீர் குறைந்தால் வடித்த நீர் மட்டும் விடுங்கள். அசிட் தோலில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். முனைகளில் பூத்த வெண்பொடியை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவலாம். பழைய பற்றறியை வீட்டில் உடைத்து ஈயம் உருக்குவது பிள்ளைகளின் மூளைக்கு நஞ்சூட்டுவதாகும். அதை விற்பவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

முடிவாக

எமது லொறிக்கு ஏழு வாரங்கள் சென்றன. வயரிங் மட்டுமல்ல, பிறேக்கும், பின் பெட்டியின் பலகைகளும் மாற்றப்பட்டன. காப்புறுதி, புகைப் பரிசோதனை, தகுதிச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம் ஆகியன பெற்ற பின்னரே வீதிக்கு விட்டோம். அடுத்த போகத்தில் அதே குடும்பங்கள் அதே லொறியில் நெல்லை ஆலைக்குக் கொண்டுசென்றார்கள். அன்று நாமும் முன் ஆசனத்தில் இருந்தோம். முன்னர் வயர் எரிந்த இடத்தைக் கடக்கும்போது யாரும் பேசவில்லை. சாரதி மட்டும் ஒருமுறை பிரதான சுவிற்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

லொறிக்கென்று ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னரும் கிலோமீற்றர், செலவு, மாற்றிய பொருள் ஆகியன அதில் பதியப்படுகின்றன. வாடகையில் ஒரு பங்கு திருத்த வேலைக்கென்று ஒதுக்கப்படுகிறது. வயரிங் படத்தின் ஒரு பிரதி சாரதியின் ஆசனத்தின் கீழும் மற்றொன்று ஆலய அறையிலும் உள்ளன. அன்று காட்டுக்கத்தி பிடித்த இளைஞன் இப்போது அயல் கிராமத்து உழவு இயந்திரங்களுக்கு வயரிங் செய்து கொடுக்கிறான்.

இதை வாசிக்கும் உங்களிற் சிலர் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. உறவினர் வளவிலோ வாடகை நிலத்திலோ இருக்கிறீர்கள். லொறி வாங்க வழியில்லாதவர்களும் இருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு தண்ணீர்ப் பம்பியிலோ லான்ட்மாஸ்ரரிலோ தொடங்குங்கள், முறை ஒன்றே. அயலில் உள்ள வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து, இரண்டு பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள். காணியும் வீடும் பொருளும் எம்மிடமிருந்து பலமுறை போயின. கையில் உள்ள தொழிலை நாம் எங்கே போனாலும் கொண்டுபோகலாம். அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தும் விடலாம்.